பானையிலிருந்து பாஸ் புத்தகம் வரை

1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் இருந்தவை 501 உரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர் காலத்தைச் சேர்ந்த அக்காசுகளிற் பெரும்பாலானவற்றில், தலையுருவின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. அவ்வெட்டுக்கு நாணயவியல் அறிஞர்கள் பல காரணங்களைக் கூறுவர். நாம் கேட்கவேண்டிய வினா வேறு. யாரோ ஒருவர் அவ்வளவு பொன்னையும் மறைத்து வைத்தார். திரும்பி வந்து எடுக்கவில்லை. மறைத்த பொழுதில் அவர் நெஞ்சில் நின்றது எது? கள்வர் பயமா, படை பயமா, பங்காளி பயமா? காசுகளை நாணயவியலார் எண்ணிப் பட்டியலிட்டுவிட்டனர். அந்தப் பயம் மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

பொருளைப் பற்றிப் பேச நம் முன்னோர் கூசியவர் அல்லர். வள்ளுவர் பொருளீட்டுவதன் சிறப்புக்குப் ‘பொருள்செயல்வகை’ என 76-ஆம் அதிகாரத்தை வகுத்தார். ஈட்டியதைத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் காத்துக் கிடப்பவனின் நிலையைக் கூற ‘நன்றியில் செல்வம்’ என 101-ஆம் அதிகாரத்தை வகுத்தார். ஈட்டுவது ஒரு திறம். ஈட்டியதோடு அமைதியாக வாழ்வது மற்றொரு திறம் என்னும் உண்மை இவ்வகுப்பிலேயே விளங்கும்.

இவ்விரண்டாவது திறத்தை ஆராயும் துறையொன்று இந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்து வருகிறது. நிதி உளச்சிகிச்சை என்று அதனை நாம் கூறலாம். கடனை நினைத்து உறக்கமிழப்பவர், கையில் பணமிருந்தும் செலவிட அஞ்சுபவர், வரவு செலவைத் துணையிடம் மறைப்பவர் முதலியோரை அமரவைத்துப் பேசி, அவர்கள் மனத்திலுள்ள முடிச்சை அவிழ்ப்பது அதன் பணி. இளமையில் உங்கள் வீட்டில் பணத்தைப் பற்றி நீங்கள் கற்றது என்ன என்பது அத்துறையினர் கேட்கும் வினாக்களுள் முதன்மையானது.

நல்ல வினா. ஆயின் அதை ஒரு தனி மனிதரிடம் கேட்டு நிறுத்திவிடலாகாது. ஒரு நாட்டினிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘இந்தியர் பொன்னைப் பூட்டி வைப்பர், வங்கியை நம்பார், கட்டிய மனைவிக்கும் கணக்குச் சொல்லார்’ என்றொரு பழி நம்மீது நெடுங்காலமாக உண்டு. இஃது அறியாமையால் வந்த குணமா, அனுபவத்தால் வந்த குணமா? கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

இரண்டு சட்டங்கள்

1878-இல் ஆங்கில அரசு இந்தியப் புதையல் சட்டத்தை இயற்றியது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம். பணத்தைப் புதைப்பது நாட்டில் எத்துணைப் பரவலான வழக்கம் என்பதற்கு அச்சட்டமே ஒரு சான்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1882-இல், அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. புதைந்த பணத்துக்கு ஒரு சட்டம். புதையாமல் வெளிவரவேண்டிய பணத்துக்கு ஒரு வங்கி. அரசு இரண்டையும் எண்ணியே இருந்தது.

அஞ்சலகத்தின் மீது மக்களுக்கு முன்னரே ஒரு நம்பிக்கை அரும்பியிருந்தது. 1880 முதல் மணியார்டர் பணியை அஞ்சலகம் மேற்கொண்டது. ஊரை விட்டுத் தொலைவில் வேலைபார்த்தவர்கள் தபால்காரர் கையால் பணம் வீடு சேர்வதைக் கண்டார்கள். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாதந்தோறும் ஊருக்குச் செல்லும் மணியார்டரே குடும்பத்தின் உயிர்நாடியாக விளங்கியது. கொடுத்த பணம் சொன்ன இடத்துக்குச் சென்று சேர்ந்தது என்ற சிறிய அனுபவம் மாதாமாதம் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததாலேயே, தபாலாபீசுக் கணக்குப் புத்தகத்தையும் மக்கள் நம்பினர்.

ஆயினும் அப்புத்தகம் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர் கைக்கே வந்தது. உழவனுக்கு அது எட்டாத பொருள். அஞ்சலகம் தொலைவில் இருந்தது. எழுத்தறிவு அதனினும் தொலைவில் இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் உடனே விற்கவும் அடகு வைக்கவும் தக்க பொருளே அவனுக்குச் சேமிப்பு. அந்தச் சேமிப்பை அவன் மனைவியின் கழுத்திலும் காதிலும் வைத்தான்.

இதில் பெண்ணின் நிலையைத் தனியே நோக்க வேண்டும். பழைய இந்து சட்டத்தின்படி நிலத்திலும் வீட்டிலும் பெண்ணுக்கு முழு உரிமை அரிது. அவளுக்கென்று உறுதியாக இருந்தது சீதனம். 1937-இல் இயற்றிய சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் உரிமையை மட்டும் தந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பின்னரே அவ்வுரிமை முழுமையாயிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் மகனுக்கு நிகர் என்பது நாடெங்கும் சட்டமானது 2005-இல். அதுகாறும் ஒரு பெண் நகைமீது வைத்த பற்றை வெறும் அணிகலன் ஆசை என்று எவ்வாறு கூறுவது? வேறெந்தப் பத்திரத்திலும் தன் பெயர் இல்லாதவளுக்கு நகையே பத்திரம். செல்வமெல்லாம் தொலைத்த கோவலனுக்கு மதுரையில் புதுவாழ்வு தொடங்க எஞ்சிய முதல், கண்ணகியின் சிலம்பு ஒன்றே என்பதைச் சிலப்பதிகாரம் பயின்றோர் அறிவர்.

1906-ம் 1913-ம்

மக்கள் வங்கியை நம்பத் தொடங்கியபோது நிகழ்ந்தது என்ன? சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெரிய ஆங்கில நிறுவனங்கள் புகழ்பெற்றிருந்தன. அர்பத்நாட் கம்பெனி வாணிகத்தோடு வங்கித் தொழிலும் நடத்தியது. வெள்ளையர் கம்பெனி கவிழாது என்ற எண்ணத்தில் உத்தியோகஸ்தரும் ஓய்வுபெற்றோரும் கைம்பெண்டிரும் தம் சேமிப்பை அங்குப் போட்டுவைத்தனர். 1906 அக்டோபர் 22-ஆம் நாள் அந்நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பின்னர் 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பணம் போட்டிருந்தோரின் சார்பில் வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதன் பயனாக 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. இழந்தவர்களின் சினம் ஒரு நிறுவனமாக உருவெடுத்த அரிய நிகழ்ச்சி அது.

அதே 1906 அக்டோபரில், இலண்டன் மாநகரின் இந்தியா அலுவலகத்தில் ஓர் இளைஞர் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். அவரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கீன்ஸ். இந்தியாவை ஒருமுறையும் நேரிற் காணாத அவர், 1913-இல் இந்திய நாணயமுறை பற்றிச் சிறந்ததொரு நூலை வெளியிட்டார். இந்தியர் பொன்னையும் வெள்ளியையும் சேர்த்து முடக்குவது வீண் வழக்கம் என்பது அந்நூலில் அவர் கொண்ட கருத்துகளுள் ஒன்று.

நூல் வெளியான அதே 1913-இல் லாகூரில் மக்கள் வங்கி வீழ்ந்தது. பம்பாயில் வெள்ளிச் சூதாட்டத்தில் இறங்கிய இந்தியன் ஸ்பீசி வங்கியும் வீழ்ந்தது. 1913 முதல் 1918 வரையிலான ஆறு ஆண்டுகளில் இந்தியாவில் 94 வங்கிகள் முறிந்தன. 1914-ஆம் ஆண்டில் மட்டும் 42. பொன்னைப் பூட்டாதே, வங்கியிற் போடு என்று அறிவுரை வந்த காலமும், வங்கியில் போட்டவன் தலையில் கைவைத்து அமர்ந்த காலமும் ஒன்றே. இவ்விரண்டில் எதனை மக்கள் நினைவில் வைத்திருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வெள்ளிக்கு நின்ற வரிசை

முதல் உலகப்போர் மூண்டவுடன் மக்கள் தபாலாபீசுச் சேமிப்பையும் பெருமளவில் திரும்பப் பெற்றனர். போர் நீடிக்கவே வெள்ளி கிடைப்பது அரிதாயிற்று. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் புழக்கத்துக்கு வந்தன. காகிதத்தைக் கையில் வாங்கியவர் அதை வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொள்ளக் கருவூலங்களை நாடினர். அரசின் கையிருப்பு கரைந்தது. அவ்வேளையில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பிட்மன் சட்டத்தின் வழியே, அந்நாட்டின் வெள்ளி டாலர்களை உருக்கிச் சுமார் 20 கோடி அவுன்சு வெள்ளி இந்தியாவின் பொருட்டு விற்கப்பட்டது. வெள்ளி வரும் என்ற உறுதி பரவியதும் நெருக்கடி தணிந்தது.

இந்நிகழ்ச்சி பண உளவியலின் உயிர்நிலையைக் காட்டுகிறது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவன் உடனே கேட்பதில்லை. கிடைக்காதோ என்ற ஐயம் எழுந்தால், தேவையில்லாதவனும் வரிசையில் வந்து நிற்கிறான். அவனை மூடன் என்பதற்கில்லை. மற்றவரெல்லாம் ஓடும்போது தான் மட்டும் நிற்பவனுக்கே இழப்பு. நல்ல வங்கியையும் இத்தகைய அச்சம் வீழ்த்திவிடும் என்பதை டைமண்ட், டிப்விக் என்னும் இரு அறிஞர்கள் 1983-இல் கணித முறையில் விளக்கினர். 2022-இல் பெர்னான்கியுடன் அவர்களுக்கு நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

பொன்னும் தன் பங்குக்கு 1931-இல் சாட்சி சொல்லிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. கோதுமையின் விலை 1928-க்கும் 1934-க்கும் இடையே பாதியாயிற்று. நிலவரியும் கடன் வட்டியும் குறையவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்டதும் பொன்னின் விலை ஏறியது. உழவர் வீட்டு நகைகள் உருகிக் கப்பலேறின. முடங்கிய செல்வம் என்று நூல்கள் பழித்த அந்தப் பொன்னே அந்நாளில் வரி கட்டியது. உலையில் அரிசியையும் இட்டது.

அச்சத்துக்கு மருந்து

1935-இல் ரிசர்வ் வங்கி தோன்றிய பின்னும் துன்பம் தொடர்ந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி வீழ்ந்தது. 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. இம்முறை நாடு பாடம் கற்றது. வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகச் சட்டம் 1961-இல் நிறைவேறி, 1962 ஜனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. வங்கி கவிழ்ந்தாலும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை உறுதி என்பது தொடக்கநிலை. இன்று அது சிறுதொகையாகத் தோன்றலாம். ஆயின் எளிய மனிதன் இரவில் உறங்குவதற்குச் சட்டம் எழுதித் தந்த முதல் உறுதிமொழி அஃதே.

1956-இல் 245 காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளும், 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின. இவற்றின் பொருளாதார நன்மை தீமைகளைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். உளவியல் நோக்கில் ஒன்று மட்டும் தெளிவு: ‘கவர்ன்மெண்டு பேங்க்’ என்ற சொல்லே பல கோடிப் பேருக்கு ஒரு தைரியத்தைத் தந்தது.

இதனோடு பொன் கட்டுப்பாட்டை ஒப்பிட்டால் வேற்றுமை புலப்படும். சீனப் போரை அடுத்து 1963-இல் வந்த விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வதைத் தடுத்தன. 1968-இல் தனிச் சட்டமும் வந்தது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர், கடத்தல் பெருகியது, பொன்னாசை குறையவில்லை. 1990-இல் சட்டம் நீக்கப்பட்டது. அச்சத்தைத் தடைச் சட்டத்தால் தீர்க்க முடியவில்லை. காப்பீட்டாலும், காலம் தவறாத பட்டுவாடாவாலுமே அது தீர்ந்தது. தனி மனிதருக்கு உளச்சிகிச்சை எத்தகையதோ, ஒரு சமுதாயத்துக்குச் சொன்ன சொல் காக்கும் நிறுவனம் அத்தகையது என்பேன்.

சொல் தளரும்போது பழைய புண் மீண்டும் வலிக்கும். 1946, 1978, 2016 என மும்முறை உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாயின. முதல் இரண்டும் பெரும்பாலும் செல்வரைத் தொட்டன. 2016 நவம்பர் 8-ஆம் நாள் அறிவிப்பு 500 ரூபாய் நோட்டையும் சேர்த்ததால் ஒவ்வொரு சமையலறையையும் தொட்டது. அஞ்சறைப்பெட்டியிலும் அரிசி டின்னிலும் புடைவை மடிப்பிலும் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகைகள் வெளிவந்தன. இல்லத்தரசியர் இரண்டரை லட்சம் ரூபாய் வரை போட்டால் கேள்வி எழாது என்று அரசே விளக்கம் தரவேண்டியதாயிற்று. செல்லாதவையான நோட்டுகளில் 99.3 விழுக்காடு திரும்பி வந்தது என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்தது. மனைவி இவ்வளவு சேர்த்திருந்தாளா என்று கணவர்கள் வியந்தனர். அவள் ஏன் மறைத்தாள் என்று வியந்தவர் எத்தனை பேர்?

2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்க முதலில் 1,000 ரூபாய் என்றே வரம்பு விதிக்கப்பட்டது. காப்பீட்டு வரம்போ 1993 முதல் ஒரு லட்சத்திலேயே நின்றிருந்தது. 2020 பிப்ரவரியில் அஃது ஐந்து லட்சமாயிற்று. முடக்கப்பட்ட வங்கியில் பணம் போட்டவருக்குக் காப்பீட்டுத் தொகையை 90 நாட்களுக்குள் தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. மருந்து உண்டு, நோய் முற்றிய பின்னரே வருகிறது.

அரசு அலுவலகத்திலும் இதே உளவியலைக் காணலாம். 2004 ஜனவரி 1 முதல், படைத்துறை நீங்கலாக, மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தோர் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தனர். நானும் அவர்களுள் ஒருவன். தேநீர் வேளையில் எங்கள் பிரிவில் எழும் விவாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட, இவ்வளவு கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்பதைச் சுற்றியே அமையும். 2025 ஏப்ரல் முதல் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தோடு ஒருங்கிணைந்த திட்டமும் வந்துள்ளது. நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைத்த வருத்தம் பெரிது என்பதைக் கானமேன், டிவர்ஸ்கி என்னும் உளவியலார் 1979-இல் நிறுவினர். மாதச் சம்பளக்காரன் அதைப் படித்தறிய வேண்டியதில்லை.

வீட்டுக்குள் ஒரு பூட்டு

இனி நாம் நம்மையே கேட்கவேண்டிய ஒன்று. வெளியாரிடம் மறைக்கக் கற்ற கை, வீட்டாரிடமும் மறைக்கிறது. ஓர் அலுவலகத்தில் பணியில் இருந்தபோதே இறந்த ஊழியர் ஒருவரின் மனைவி, ஒரு துணிப்பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். காலாவதியான பாலிசி, பாதி கிழிந்த பாஸ் புத்தகம், என்றோ அடகு மீட்ட ரசீது எல்லாம் அதில் இருந்தன. கணவர் எங்கெங்கே பணம் வைத்திருந்தார், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று அந்த அம்மையாருக்குத் தெரியாது. “அவர் எதுவும் சொன்னதில்லை, சார், கேட்டாலும் கோபித்துக்கொள்வார்” என்றார். அந்த மனிதர் கெட்டவர் அல்லர். குடும்பத்துக்காகவே சேமித்தவர். ஆனால் அவர் சேமிப்பு அவர் குடும்பத்துக்கே புதையலாகிவிட்டது.

இது தனியொரு வீட்டின் கதையும் அன்று. பத்தாண்டு தொடப்படாத வங்கிக் கணக்குகளின் தொகையைச் சேர்ப்பதற்கென்றே ரிசர்வ் வங்கி 2014-இல் தனி நிதியொன்றை அமைத்தது. உரியவர் தேடிக் கண்டுகொள்ள 2023-இல் ‘உத்கம்’ என்னும் கணினித் தளத்தையும் திறந்தது. வங்கிக் கணக்குக்கு வாரிசுதாரரை நியமிக்கும் வசதி 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்றது. 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்கலாம். படிவம் ஒரு பக்கமே. அதை நிரப்பாமல் தள்ளிப்போடுவதற்குக் காரணம் நேரமின்மை என்போம். உண்மைக் காரணம், சாவைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் வீட்டில் பேச நமக்குள்ள கூச்சமே.

இதுகாறும் கண்டவற்றால் போதருவது யாது? பணத்தின்பால் நம் மக்கள் கொண்ட அச்சம் பிறவிக் குணமன்று. 1906-உம் 1913-உம் 1938-உம் 1960-உம் கற்பித்தது அது. ஆகவே நகையைப் பூட்டும் பாட்டியை எள்ளுவதை விட்டு, அவள் எந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கிறாள் என்று கேட்பதே அறிவுடைமை. அவ்வச்சத்தைப் போக்கும் கடமையில் ஒரு பாதி அரசையும் வங்கியையும் சேர்ந்தது: கொடுத்த சொல்லைக் காத்தல். மறுபாதி நம்மைச் சேர்ந்தது: வீட்டுக் கணக்கை வீட்டாரிடம் திறந்து வைத்தல்.

சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஊரை விட்டு வந்து, உறவினர் தொலைவில் இருக்க, இங்குக் குடும்பம் நடத்துபவர் நாம். நாம் இல்லாத நாளில் நம் மனைவி மக்களுக்குத் துணையாய் வந்து நிற்கப் பங்காளியும் மாமனும் அடுத்த தெருவில் இல்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு முழுத்தாளில், இருப்பையும் கடனையும் நியமனதாரர் பெயரையும் எழுதுங்கள். எழுதியதை மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கும்போது உரக்கப் படியுங்கள். முதல் இரண்டு வரிகள் தொண்டையில் சிக்கும். மூன்றாம் வரியில் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சினவாமல் விடை சொல்லுங்கள்.